சின்ன அறை நிரம்பி விட்டால்



இம்மாதம் என் மேசைக்கு வந்த கடிதங்களில் மூன்று ஒரே சங்கதியைப் பற்றியவை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாய், புந்தோங்கிலிருந்து ஒரு கல்லூரி மாணவர், பீடோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர். மூவரும் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டிருப்பவர்கள். மூவரும் கணினியைப் புதுப்பிக்கப் போனபோது திரையில் வந்த செய்தியும் ஒன்றுதான்: 'பூட்' என்ற பகுதியில் இடமில்லை! "500 ஜிபி டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. பிறகு எப்படி ஐயா இடமில்லாமல் போகும்?" என்று கேட்கிறார் அந்தத் தாய். நியாயமான கேள்வி.

புந்தோங் மாணவரின் கடிதம்தான் என்னை இதை உடனே எழுத வைத்தது. அவர் கணினியை ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "டிஸ்க் போய்விட்டது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும்" என்று சொல்லிவிட்டாராம். அதற்குள்ளே இருப்பவை அவருடைய இரண்டாண்டுப் பாடக் குறிப்புகள்; காலமாகிவிட்ட பாட்டியின் படங்கள். நல்ல வேளையாகக் கணினியை ஒப்படைக்காமல் திரும்பியிருக்கிறார். தம்பி, உங்கள் டிஸ்க் கெடவில்லை. அதிலுள்ள ஒரு சின்ன அறை நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். பாட்டியின் படங்கள் வேறு அறையில் பத்திரமாக இருக்கின்றன.

லினக்ஸ் எப்படி நம் வீடுகளுக்குள் வந்தது என்று மற்ற நேயர்கள் கேட்கலாம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது, பிள்ளைகளின் படிப்புக்காகப் பழைய மடிக்கணினி வாங்கிய குடும்பங்கள் ஈப்போ வட்டாரத்தில் ஏராளம். அவற்றில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைக் குப்பையில் போட யாருக்கு மனம் வரும்? ஆகவே உபுண்டு, மின்ட் என்னும் லினக்ஸ் வகைகளை இலவசமாக இறக்கிப் போட்டுக்கொண்டார்கள். நம் நாட்டுக்கு இது புதிதுமல்ல. அரசாங்க அலுவலகங்களுக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை மாம்பு 2004-லேயே வெளியிட்டது.

சரி, அந்தச் சின்ன அறை எது?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். விடியற்காலை இருட்டில் பெரட்டு நடக்கும் அல்லவா? மலைக்கு ஆள் போவதற்கு முன் ஆபீசில் விளக்கெரியும். கிராணி பெயரேட்டைத் திறந்து கூப்பிடுவார். அதற்குப் பிறகுதான் எந்த வேலையும். கணினியிலும் முதலில் ஒரு பெரட்டு உண்டு. மின்சாரம் வந்ததும் கணினிக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் படமும் தெரியாது, பாடமும் தெரியாது. 'கிரப்' என்கிற ஒரு சிறு நிரல்தான் கிராணி. அது டிஸ்க்கின் ஒரு மூலையிலுள்ள 'பூட்' என்ற சின்ன அறையைத் திறந்து, அங்கிருக்கும் பட்டியலைப் பார்த்து, 'கெர்னல்' என்பதைக் கூப்பிட்டு எழுப்புகிறது. அந்தக் கெர்னல்தான் இயந்திரத்தின் பாகங்கள் அனைத்தையும் ஏவி நடத்துகிறது.

கெர்னல் என்றால் விதைக்குள் இருக்கும் பருப்பு. செம்பனை ஆலையில் வேலை செய்தவர்கள் இந்தச் சொல்லை நாள்தோறும் கேட்டிருப்பார்கள். கொட்டையை உடைத்து எடுப்பதும் கெர்னல்தான். பெயர் வைத்தவர்கள் செம்பனையை நினைத்து வைக்கவில்லை என்றாலும், நம் தோட்டத்து ஆட்களுக்குப் பழகிய பெயராக வாய்த்தது நல்லதே.

கெர்னலோடு ஒரு மூட்டையும் அந்த அறையில் இருக்கும். 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று வாயில் நுழையாத பெயர் அதற்கு. நாம் மூட்டை என்றே சொல்லுவோம். பால் வெட்டப் போகிறவர் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு இருட்டில் இறங்குகிறாரே, அதுபோல, பெரிய ஸ்டோரின் கதவு திறக்கும் வரைக்கும் தேவையான சாமான்கள் அதில் இருக்கும். டிஸ்க்கை மறைக்குறியிட்டுப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த மூட்டை மிக முக்கியம். கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிப் பூட்டைத் திறக்கும் கருவி அதற்குள்தான் இருக்கிறது. திறக்கும் கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டால் எப்படித் திறப்பது? அதனால்தான் இந்த அறையை மட்டும் பூட்டாமல் தனியாகப் பிரித்து வைக்கிறார்கள்.

முன்பு வேறொரு காரணமும் இருந்தது. 1990-களின் கணினிகளில் இயந்திரத்தை எழுப்பும் பயோஸ் என்னும் ஏற்பாட்டால் டிஸ்க்கின் முதல் 1024 வட்டங்களுக்கு அப்பால் எட்டிப் படிக்க முடியாது. கெர்னல் அந்த எல்லைக்குள் இருந்தாக வேண்டும். டிஸ்க்கின் முற்பகுதியில் ஒரு சிறு துண்டை ஒதுக்கிக் கெர்னலை அங்கே வைத்தார்கள். அந்தத் தடை எப்போதோ நீங்கிவிட்டது. பழக்கம் நிலைத்துவிட்டது.

பூட்டு வேண்டாம் என்று சாதாரணமாக லினக்ஸ் போட்டவர்களுக்கு உபுண்டுவிலும் மின்டிலும் பெரும்பாலும் இந்தத் தனியறை இருப்பதில்லை. பெரிய அறைக்குள் ஓர் அலமாரியாக அது இருந்துவிடும். தொல்லையெல்லாம் தனியறை வைத்திருப்பவர்களுக்குத்தான். மடிக்கணினி திருடு போனாலும் உள்ளே இருப்பதை வேறொருவர் படிக்கக்கூடாது என்று ஜாக்கிரதையாகப் பூட்டி வைத்தவர்களுக்கே இந்தச் சோதனை!

இனி, நிரம்புவது எப்படி என்று பாருங்கள். மற்ற மென்பொருள்களைப் புதுப்பித்தால் பழையது போய் அதே இடத்தில் புதியது உட்காரும். கெர்னல் மட்டும் அப்படியல்ல. புதியது பழையதன் பக்கத்தில் வந்து அமரும். பழையது போகாது. இதைக் குறை என்று நினைக்காதீர்கள். நீங்கள் புதுப்பிக்கும் அந்நேரத்தில் பழைய கெர்னல்தான் கணினியை ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற மாட்டை வண்டியிலிருந்து அவிழ்க்க முடியுமா? மேலும், புதியது உங்கள் இயந்திரத்துக்கு ஒத்துவராமல், வைஃபை வேலை செய்யவில்லை, திரை கறுத்துவிட்டது என்று வந்தால், திரும்பிப் போக ஒரு பழைய வழி வேண்டுமே! அந்த வழிதான் பழைய கெர்னல்.

உபுண்டு வகைகளுக்கு ஏறத்தாழ மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு கெர்னல் திருத்தம் வருகிறது. பத்தாண்டுகளுக்கு முன் பூட்டிய டிஸ்க்குக்கு உபுண்டு ஒதுக்கிய பூட் அறை, பார்த்தால் 236 மெகாபைட் என்று காட்டும். அந்நாளில் கெர்னல், மூட்டை, கூட வரும் குறிப்பேடு எல்லாம் சேர்ந்து ஒரு கட்டு 50 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கட்டுகள் வைத்தால் 200. ஐந்தாவதுக்கு மீதியிருப்பது 36. இது ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கணக்குதான். அரை வருடம் ஆவதற்குள் அறை நிரம்பிவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூட்டையை மாற்றிக் கட்டும்போது, புதிய மூட்டையை முழுதாகக் கட்டி முடித்த பிறகுதான் பழையதை எடுப்பார்கள். ஆகவே ஒரு மூட்டைக்கான இடம் எப்போதும் சும்மா இருந்தாக வேண்டும்.

கட்டுகளும் வரவரப் பெருத்துவிட்டன. 1991-ல் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் வெளியிட்ட முதல் கெர்னலில் சுமார் 10,000 வரிகள் இருந்தன. 2025 தொடக்கத்தில் அது 4 கோடி வரிகளைத் தொட்டுவிட்டது. உலகத்திலுள்ள எல்லாவித ஒலிப்பலகை, திரை அட்டைக்கும் அதில் இடம் வேண்டியிருக்கிறது. இன்று சில கணினிகளில் மூட்டை மட்டுமே 100 மெகாபைட்டைத் தாண்டுகிறது.

இந்தத் தொல்லையை உலகம் பூராவும் அனுபவித்திருக்கிறது. உபுண்டுவின் குறைப் பதிவேட்டில், பழைய கெர்னல்கள் தாமாக நீங்காமல் பூட் அறை நிரம்பிவிடுகிறது என்ற முறையீடு 2014-ல் ஏறியது. அதைத் தீர்க்க ஆண்டுகள் பிடித்தன. இப்போது 'ஆப்ட்' என்னும் பொதி மேலாளருக்கு ஒரு விதி உண்டு. ஓடிக்கொண்டிருப்பது ஒன்று, ஆகப் புதியது ஒன்று, அதற்கு முந்தியது ஒன்று, இவற்றைக் காத்துக்கொண்டு மற்றவற்றை 'வேண்டாதவை' என்று குறித்து வைக்கும். ஃபெடோரா என்ற இன்னொரு வகையில் மூன்றுக்கு மேல் சேர்த்து வைப்பதில்லை என்பதே இயல்பான ஏற்பாடு.

அப்படியானால் நம் நேயர்களுக்கு ஏன் நிரம்பியது என்கிறீர்களா? வேண்டாதவை என்று குறிப்பது வேறு, தூக்கி வெளியே போடுவது வேறு. பல கணினிகளில் அந்த இரண்டாவது வேலையை நாம் சொன்னால்தான் செய்யும். பீடோர் பெரியவர் கணினியை மாதக்கணக்கில் அணைப்பதே இல்லை, மூடியை மட்டும் மூடிவைக்கிறார் என்று எழுதியிருக்கிறார். அவருடைய கணினி இன்னும் பழைய கெர்னலில்தான் ஓடும்; புதியவை வரிசையாக வந்து காத்துக்கிடக்கும். தோட்டப்புறத்தில் இணையம் சரியாக எட்டாமல், பட்டணத்துக்கு வரும்போது எல்லாவற்றையும் மொத்தமாக இறக்குபவர்களும் இருக்கிறார்கள். தவிர, 236 மெகாபைட் அறைக்கு இன்றைய கட்டு மூன்று என்பதே தாங்காது.

நிரம்பினால் என்ன குடிமுழுகிவிடும் என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. கணினிதான் ஓடுகிறதே! ஓடும், உண்மை. ஆனால் பாதியில் நின்ற கெர்னல் ஒன்று தொண்டையில் சிக்கிய முள் மாதிரி நிற்கும். அடுத்து எதைப் புதுப்பிக்கப் போனாலும் அங்கேயே தடுக்கும். பல நேரங்களில் மற்றப் பொதிகளும் நின்றுபோகும். மின்டில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு வரும் பாதுகாப்புத் திருத்தமும் அதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். அந்த உலாவியில்தானே வங்கிக் கணக்கைத் திறக்கிறோம்! என் கணிப்பில் உண்மையான ஆபத்து இதுவே. சத்தமில்லாமல் வருவது.

இப்போது கைவைத்தியத்துக்கு வருவோம்.

மின்ட் வைத்திருப்பவர்களுக்கு எளிது. புதுப்பிப்பு மேலாளரைத் திறந்து, 'வியூ' என்பதில் 'லினக்ஸ் கெர்னல்ஸ்' என்பதைத் தட்டுங்கள். இருக்கிற கெர்னல்களின் பட்டியல் வரும். ஓடிக்கொண்டிருப்பது எது என்றும் காட்டும். அதை விட்டுவிட்டு, ஆகப் பழையதைத் தேர்ந்து நீக்கலாம். அதே மேலாளரின் விருப்பங்களில் 'ஆட்டோமேஷன்' என்ற பக்கத்தில், பயனற்ற கெர்னல்களைத் தானாக நீக்கச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கிறது. அதை ஒருமுறை இயக்கிவிட்டால் மீண்டும் இந்தப் பக்கம் வரவேண்டி இருக்காது.

உபுண்டுகாரர்கள் கட்டளைத் திரையைத் திறக்க வேண்டும். கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும் என்றாலும் நம் பக்கத்தில் தமிழிலேயே அச்சாவது வழக்கம். ஆகவே எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். முதலில் 'டி-எஃப்', இடைவெளி, சிறுகோடும் 'எச்' எழுத்தும், இடைவெளி, சாய்கோடும் 'பூட்' என்ற சொல்லும். அறையின் அளவும் நிரம்பியிருக்கும் விகிதமும் தெரியும். வரியின் முடிவில் வெறும் சாய்கோடு மட்டும் வந்தால் உங்களுக்குத் தனியறையே இல்லை, நிம்மதியாக இருங்கள். அடுத்து 'யூ-என்-ஏ-எம்-ஈ', இடைவெளி, சிறுகோடும் 'ஆர்' எழுத்தும். இப்போது ஓடுகிற கெர்னலின் எண் வரும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணுள்ளதை என்ன நடந்தாலும் தொடக்கூடாது.

பிறகு 'எஸ்-யூ-டி-ஓ', இடைவெளி, 'ஏ-பி-டி', இடைவெளி, 'ஆட்டோரிமூவ்' என்பது ஒரே சொல்லாக, இடைவெளி, இரண்டு சிறுகோடும் 'பர்ஜ்' என்ற சொல்லும். எதையெல்லாம் நீக்கப் போகிறேன் என்று கணினி ஒரு பட்டியல் காட்டிவிட்டு உங்கள் சம்மதத்துக்காக நிற்கும். அவசரப்பட்டு 'ஒய்' தட்டிவிடாதீர்கள். பட்டியலைத் தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு தட்டுங்கள். பெரும்பாலோருக்கு இத்தோடு தீர்ந்துவிடும்.

அறை அடியோடு நிரம்பிவிட்டால் சில நேரம் ஆப்ட் கையை விரித்துவிடும். முதலில் பாதியில் நின்றதை முடி என்று அது சொல்லும், முடிக்க இடமில்லை, இடம் செய்யப் போனால் முதலில் முடி என்னும். மாமியார் வீட்டுப் பஞ்சாயத்து மாதிரி! அப்போது அதற்குக் கீழே வேலை செய்யும் 'டி-பி-கே-ஜி' என்ற கருவியிடம் நேராகப் போக வேண்டும். அதனிடம் ஆகப் பழைய கெர்னல் பொதியின் பெயரைச் சொல்லிப் 'பர்ஜ்' செய்யச் சொல்லலாம். அதே எண்ணில் 'மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ரா' என்ற துணைப் பொதி இருந்தால் அதன் பெயரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுக்கும். ஒன்று வெளியேறினாலே மூச்சு விட இடம் கிடைத்துவிடும். அதன் பின் ஆப்ட்டிடம் திரும்பி, மேலே சொன்னபடி மீதியை முடித்துக்கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பூட் அறைக்குள் நேராகப் போய், கண்ணில் பட்ட கோப்புகளைக் கையால் அழிக்க வேண்டாம். சில இளைஞர்கள் இதைக் கெட்டிக்காரத்தனமாக நினைக்கிறார்கள். சாமான் போய்விடும், ஆனால் பேரேட்டில் பெயர் இருக்கும். கிராணி மறுநாளும் அந்தப் பெயரைக் கூப்பிடுவார், ஆள் வரமாட்டார். பொதி மேலாளரும் அது இன்னும் இருப்பதாகவே நம்பி, அடுத்த தடவை அதற்கொரு மூட்டையை மறுபடியும் கட்ட முனையும். பெயரேடும் சாமானும் சேர்ந்து போகும்படி, பொதியாகவே நீக்குவதுதான் முறை.

இன்னொரு பக்கம், இடம் வேண்டும் என்று ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் துடைத்துவிடுபவர்கள். அவர்களுக்குச் சுங்கை சிப்புட் தாயின் கடிதத்தையே காட்டலாம். பாதியில் நின்ற புதுப்பிப்புக்குப் பிறகு அவர் கணினியை அணைத்துத் திறந்தபோது, கறுப்புத் திரையில் 'கெர்னல் பேனிக்' என்று வந்து உறைந்துவிட்டதாம். புதிய கெர்னல் வந்துவிட்டது, அதன் மூட்டை வந்து சேரவில்லை. தலைவிளக்கு இல்லாமல் இருட்டில் இறங்கிய கதை. அம்மா, கணினியை அணைத்துவிட்டு மறுபடி திறக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டிருங்கள்; புதிய மாதிரி இயந்திரமானால் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். கிரப் பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போனால் பழைய கெர்னல்கள் வரிசையாக இருக்கும். முந்தைய எண்ணுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வீடு மாதிரியே எல்லாம் திறக்கும். அதற்குப் பிறகு மேலே சொன்னபடி இடம் செய்துகொண்டு, நின்றுபோனதை முடியுங்கள். பழையது ஒன்றாவது இருந்தபடியால் இது முடிகிறது.

கிந்தாப் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடி மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்கலம் செத்துப்போன பழைய மடிக்கணினி என்றால், வானம் இருட்டும்போது கெர்னல் புதுப்பிப்பைத் தொடங்காதீர்கள். காலையில் செய்யுங்கள்.

அறையைப் பெரிதாக்க முடியாதா என்றும் பெரியவர் கேட்டிருக்கிறார். முடியும்; ஆனால் பக்கத்துச் சுவர் பூட்டிய பெரிய அறையின் சுவர். அதை நகர்த்துவது பழகியவர்களுக்கே கைநடுங்கும் வேலை. அதற்கு முன் ஒரு சிறு வழி உண்டு. மூட்டை கட்டும் ஏற்பாட்டுக் கோப்பில் 'மாட்யூல்ஸ்' என்ற வரியில் 'மோஸ்ட்' என்றிருப்பதை 'டெப்' என்று மாற்றினால், உலகத்துச் சாமானையெல்லாம் அடைக்காமல் அந்த ஒரு கணினிக்குத் தேவையானதை மட்டும் கட்டும். மூட்டை நன்றாகச் சுருங்கும். ஆனால் அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எழும்பாமல் போகலாம். பழைய இயந்திரங்களில் பாகம் மாற்றி மாற்றி ஓட்டுவது நம்மிடையே சகஜம். அப்படிப்பட்டவர்கள் இதைத் தொட வேண்டாம்.

236 மெகாபைட் அறை உள்ளவர்களுக்கு என் யோசனை வேறு. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஒருநாள், படங்களையும் பாடங்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்துவைத்து, எடுத்தது சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, லினக்ஸை அடியிலிருந்து புதிதாகப் போட்டுவிடுங்கள். போடும்போது பூட் அறைக்கு எவ்வளவு ஒதுக்குவது? 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, குறைந்தது 768 மெகாபைட் இருக்க வேண்டும், அதில் 300 அளவுக்குக் காலியாக இருக்க வேண்டும் என்கிறது. ஃபெடோரா தன் 43-ஆம் பதிப்பில் இயல்பான அளவை 2 கிகாபைட்டாக உயர்த்திவிட்டது. 500 ஜிபி டிஸ்க்கில் 2 ஜிபி என்பது 250-ல் ஒரு பங்கு. தாராளமாக 2 ஜிபி கொடுங்கள்.